நீளக்கை, குட்டைக்கை

எங்கள் ஆயா பிறந்தது ரங்கூனில். 1964ல் கப்பலேறி மெட்ராஸ் வந்து, வியாசர்பாடியில் குடிசை போட்டு, கடைசிவரை அங்கேயே இருந்தது. ரங்கூன் கதை சொல்லும்போது ‘சீனாக்காரங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவே சொல்லாது. நீளக்கை, குட்டைக்கை என்று பிரித்துத்தான் பேசும். பர்மியர்கள் வைத்த பெயராம். லெட் ஷே என்றால் நீளக்கை, லெட் தோ என்றால் குட்டைக்கை. கடை வைத்து வியாபாரம் பார்த்தவர்கள் முழுக்கைச் சட்டை போட்டார்கள். தச்சு வேலையும் பட்டறை வேலையும் பார்த்தவர்கள் அரைக்கை. ‘ரெண்டு பேரும் சீனாதான்டா. ஆனா அவன் பேசறது இவனுக்குப் புரியாது. பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரன் சண்டை போட்டாக்கூட பர்மாப் பேச்சுலதான் போட்டுக்குவான்’ என்று சொல்லும்.

சின்ன வயதில் ஆயாவை ஒருமுறை பல் கட்ட ரட்டன் பஜார் பக்கம் அழைத்துப் போனோம். அந்தக் காலத்தில் அங்கே சீனப் பல் வைத்தியர்களின் பலகைகள் நிறையத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்த ஆயா, வாயைத் திறப்பதற்கு முன்னால் கேட்டது: ‘நீ நீளக்கையா, குட்டைக்கையா?’ அவர் நல்ல தமிழில், ‘ரெண்டும் இல்லம்மா, நாங்க ஹூபேய். அது வேற ஊரு, வேற பேச்சு’ என்றார். ஆயாவுக்கு அது பெரிய செய்தி. வீடு திரும்பும் வழியெல்லாம், ‘மூணாவதா ஒண்ணு இருக்குதாம்டா’ என்று சொல்லிக்கொண்டே வந்தது.

மூன்று இல்லை. சீனச் சமூக அறிவியல் அகாதமியும் ஆஸ்திரேலிய அகாதமி ஒன்றும் சேர்ந்து 1987ல் வெளியிட்ட மொழி வரைபடத்தில் பத்து பெரிய பிரிவுகள். மாண்டரின், வூ, யுவே, மின், ஹக்கா, கான், சியாங், ஜின், ஹுய், பிங்ஹுவா. இது தெரிவதற்கு எனக்கு இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. அதையும் புத்தகம் சொல்லித் தரவில்லை. ஒரு வாணலி சொல்லித் தந்தது.

நான் ராயபுரத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் தொழில் செய்கிறேன். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி, மீன், கயிறு, பெயின்ட் எது வேண்டுமானாலும் வாங்கி, ஜீரோ கேட் வழியாக உள்ளே கொண்டுபோய், கப்பலில் ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். சீனக் கப்பல் என்றால் பூண்டும் இஞ்சியும் முட்டைக்கோசும் மூட்டை மூட்டையாகக் கேட்பார்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த வவ்வால் மீனைக் காட்டினால் முகம் மலரும். அவர்களோடு பேசுவதற்காகவே கொஞ்சம் மாண்டரின், அதாவது சீனப் பொதுமொழி, கற்றுக்கொண்டேன். எண்கள், சாமான் பெயர்கள், சாப்பிட்டாச்சா, நன்றி. அது போதும் என்று நினைத்திருந்தேன்.

2017, மாட்டுப் பொங்கல். ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. நானே டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலும் எடுத்துக்கொண்டேன். கப்பலில் தலைமைச் சமையல்காரர் ஐம்பது தாண்டியவர். நான் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பிடித்திருந்தது. மாண்டரினில் சோற்றுக்கு ‘ஃபான்’ என்று படித்திருந்தேன். அவரோ ‘ஹுவான், ஹுவான்’ என்றார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டாம் அதிகாரி, வடக்கே தாலியன்காரர், சிரித்துக்கொண்டே, ‘அவர் தெற்கே ஃபுஜியான் மாநிலம். அவருக்கு ஃப வராது’ என்றார்.

ஃப வராது! ஃபேனைப் பேன் என்றும் காஃபியைக் காப்பி என்றும் சொல்லும் ஊரிலிருந்து வந்தவனுக்கு அது எவ்வளவு நெருக்கமாக இருந்தது தெரியுமா? நான் விடவில்லை. அடுப்பின் மேலிருந்த பெரிய சீனச்சட்டியைக் காட்டி, ‘மாஸ்டர், இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?’ என்று சைகையும் மாண்டரினும் கலந்து கேட்டேன். ‘தியா’ என்றார், மூக்கால். ‘இல்லை, அது குவோ’ என்றார் தாலியன்காரர். அதே நேரம் தட்டோடு உள்ளே வந்த, எஞ்சினுக்கு எண்ணெய் போடும் எண்ணெய்க்காரர், குவாங்தோங் மாநிலத்தவர், ‘வோக்’ என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே கப்பல், ஒரே சட்டி, மூன்று பெயர். ஏதோ உச்சரிப்பு கொஞ்சம் கோணி வந்த வித்தியாசம் இல்லை. மூன்றும் வேறு வேறு சொல்.

ஆங்கில மெனுவில் ‘வோக்’ என்று வருவது குவாங்தோங் பேச்சு, அதாவது கான்டனீஸ். மாஸ்டர் சொன்ன ‘தியா’ இருக்கிறதே, அதைப் பிறகு தேடிப் படித்தபோது அசந்துபோனேன். 3000 ஆண்டுகளுக்கு முன்னால் அரசர்கள் படையலுக்கு வைத்த கால் வைத்த வெண்கலப் பாத்திரத்தின் பெயர் அது. வடக்கே அந்தச் சொல் இப்போது அருங்காட்சியகப் பாத்திரத்துக்கு மட்டும்தான். ஃபுஜியானில் அது இன்றும் தினம் மீன் வறுக்கும் சட்டி.

அப்புறம் எண்ணிக்கை. மூட்டைகளை எண்ணும்போது மாஸ்டர் தன் ஊர்ப் பையனோடு தன் பேச்சில் எண்ணினார். பத்து வரும்போது ‘சாப்’ என்று உதட்டை மூடினார். எண்ணெய்க்காரரிடம் கேட்டேன், ‘சப்’ என்றார், அவரும் உதட்டை மூடினார். மாண்டரினில் பத்துக்கு ‘ஷி’. உதடு மூடவே மூடாது. கார் ஏற்ற வரும் கப்பல்களில் கொரியர்கள் ‘சிப்’ என்று எண்ணுவதை அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். அதுவும் உதடு மூடும் பத்துதான். கொரியர்கள் ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. அந்தக் காலத்தில் சீனச் சொற்கள் பல ப், த், க் என்று அடைத்துக்கொண்டு முடிந்தன. வடக்கே அந்த அடைப்பு தேய்ந்து போய்விட்டது. தெற்கே கான்டனீஸிலும் ஃபுஜியான் பேச்சிலும் நிற்கிறது. தாங் அரசு காலத்துப் பாடல்களை மாண்டரினில் படித்தால் இயைபு சில இடங்களில் உதைக்கும், கான்டனீஸில் படித்தால் சரியாக உட்காரும் என்று சொல்வது இதனால்தான்.

மாஸ்டருக்கு ஃப வராததற்கும் இதே கதைதான். அவர் வாயில் குறை எதுவும் இல்லை. பழைய சீனத்திலேயே ஃப கிடையாது, ப தான் இருந்தது. பிற பகுதிகளில் சில ப-க்கள் ஃப ஆகின. ஃபுஜியான் பேச்சு மட்டும் மாறாமல் நின்றது. மாண்டரினில் பறப்பதற்கு ‘ஃபெய்’, மாஸ்டர் ஊரில் ‘பே’. வீட்டு அறைக்கு ‘ஃபாங்’, அங்கே ‘பாங்’. நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டாம். நாம் பால் என்கிறோம், கன்னடத்தில் ஹாலு. நம் பூ அங்கே ஹூவு. ஒரு சொல் மாறினால் அது தற்செயல். வரிசையாக மாறினால் அதுதான் மொழி பிரிந்த தடம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர்னார்ட் கார்ல்கிரென் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படித்தான் ஊர் ஊராகப் பேச்சுகளைச் சேர்த்து, 601ல் தொகுத்த ஒரு பழைய ஒலி அகராதியோடு ஒப்பிட்டு, நடுக்காலச் சீனம் எப்படி ஒலித்திருக்கும் என்று கட்டிக் காட்டினார்.

அன்று மாஸ்டர் எனக்கு டீ கொடுத்தார். ‘தே’ என்றார். எண்ணெய்க்காரர் ‘சா’ என்றார். தாலியன்காரரும் ‘சா’தான். எனக்குச் சட்டென்று மண்ணடி ஞாபகம் வந்தது. மண்ணடியில் பாய் வீடுகளில் சாயா. ராயபுரத்துக் கடையில் டீ. அகராதியில் தேநீர், தேயிலை. எல்லாம் ஒரே சீனச் சொல். ஃபுஜியான் வியாபாரிகளிடம் டச்சுக்காரர்கள் வாங்கிய இலை தே என்ற பெயரோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, சுற்றி வந்து நமக்கு டீ ஆயிற்று. தரைவழியே பாரசீகம் போனதும், சீனாவின் மக்காவ் துறைமுகத்தில் போர்த்துகீசியர்கள் வாங்கியதும் சா. பழைய ஒலி த-வுக்குப் பக்கத்தில் இருந்தது. ஃபுஜியானில் த-வாகவே நின்றது, மற்ற இடங்களில் ச-வுக்கு வழுக்கியது. படித்தான் என்று எழுதிவிட்டுப் படிச்சான் என்று பேசுகிற நமக்கு இந்த வழுக்கல் புதிதா என்ன?

மாஸ்டர் என் டெலிவரி சலானின் பின்பக்கத்தில் தேநீருக்கான எழுத்தை எழுதிக் காட்டினார். மேலே புல், நடுவில் கூரை மாதிரி ஒரு மனிதர், கீழே மரம். மூன்று பேரும் அதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வாயால் சொல்லும்போது வெவ்வேறு, எழுதினால் ஒன்று. இந்த எழுத்துக் கூரைதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களை ஏமாற்றிவிடுகிறது. கீழே இருப்பது ஒரே வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மாஸ்டர் பேச்சுக்கும் தாலியன்காரர் பேச்சுக்கும் உள்ள தூரம் தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள தூரம் மாதிரி. அந்தக் கூரைகூட முழுசாகச் சேராது. மாண்டரினில் ‘நட’ என்று பொருள்படும் எழுத்து பழஞ்சீனத்தில் ‘ஓடு’. மாஸ்டர் ஊரில் இன்றும் அது ஓடுதான்.

சீனத்தில் இந்தப் பேச்சுகளுக்கு ‘ஃபாங்யான்’ என்று பெயர். ஆங்கிலத்தில் டயலக்ட் என்று எழுதிவிட்டார்கள், நாம் வட்டார வழக்கு என்று எடுத்துக்கொண்டோம். நேர்ப்பொருள் அப்படி இல்லை, ஊர்ப்பேச்சு, அவ்வளவுதான். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் யாங் சியோங் என்ற புலவர், தலைநகருக்கு வந்துபோகும் படைவீரர்களிடமும் தூதர்களிடமும் உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். 27 வருடம் எழுதியதாகச் சொல்கிறார்கள். கப்பல் கப்பலாகப் போய்ச் சட்டிக்குப் பெயர் கேட்கும் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

ஏன் இத்தனை பிரிவு, அதுவும் தெற்கே? வடக்கு சமவெளி. படையெடுப்பும் பஞ்சமும் மக்களைக் கலக்கிக்கொண்டே இருந்தன, பேச்சும் கலந்து ஒரு சீராயிற்று. வடக்கே ஒவ்வொரு முறை அரசு கவிழ்ந்தபோதும் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனார்கள். அங்கே மலை, ஆறு, பள்ளத்தாக்கு. வந்த காலத்துப் பேச்சு அங்கங்கே தங்கிவிட்டது. பிந்தி வந்து சேர்ந்தவர்களை ‘ஹக்கா’ என்றார்கள். விருந்தாளிக் குடும்பம் என்று அர்த்தம். தண்டையார்பேட்டையில் தள்ளுவண்டிக்கு வண்டி ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பெயர் கல்கத்தா தாங்ராவில் தோல் பதனிட்ட ஹக்கா குடும்பங்களின் வழியாக வந்தது. அவர்களும் தனி மொழிக்காரர்கள்.

அன்று தாலியன்காரர் போனில் ஒரு செய்தி காட்டினார். முந்தின நாள், அதாவது நம் பொங்கலன்று, ஜோ யோகுவாங் இறந்திருந்தார். 111 வயது. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையை 1958ல் உருவாக்கியவர்களில் முதன்மையானவர். நான் மாண்டரின் படித்ததே அவர் முறையில்தான். மாஸ்டர் செய்தியைப் பார்த்துவிட்டு, பின்யினில் தன் பேச்சை எழுத முடியாது என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

பொதுமொழி ஒன்று வேண்டும் என்று அவர்கள் அலைந்த கதையும் பெரியது. 1913ல் பெய்ஜிங்கில் கூடி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு உச்சரிப்பை ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் தெற்கத்திக்காரர் ஒருவர் ரிக்‌ஷாவுக்குத் தன் ஊர்ச் சொல்லைச் சொல்ல, வடக்கத்திக்காரர் காதில் அது கெட்ட வார்த்தையாக விழுந்து, அடிக்கத் துரத்தினார் என்று சொல்வார்கள். வடக்கும் தெற்கும் கலந்து அவர்கள் செய்த அந்த உச்சரிப்பு எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒன்று. 1921ல் சாவ் யுவான்ரென் என்ற மொழியியலாளர் அதை இசைத்தட்டில் பதிந்து கொடுத்தார். ஆனாலும் அது நிலைக்கவில்லை. 1932ல் பெய்ஜிங் ஒலிக்கே மாறினார்கள். 1956ல் அரசு, பெய்ஜிங் உச்சரிப்பும் வடக்குப் பேச்சும்தான் பொதுமொழிக்கு அடிப்படை என்று அறிவித்தது. ஒரு நாட்டுக்குப் பொதுமொழியின் பயன் எனக்குத் தெரியாமல் இல்லை. மாஸ்டரும் தாலியன்காரரும் ஒரே சமையலறையில் நின்று பேச முடிந்தது அதனால்தான். ஆனால் பொதுமொழி சரியானது, ஊர்ப்பேச்சு கொச்சை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தைவானில் பள்ளியில் ஊர்ப்பேச்சு பேசிய பிள்ளைகளுக்கு அபராதம் போட்டார்கள், கழுத்தில் அட்டை மாட்டினார்கள்.

அது எனக்கு வலிக்கும். கல்லூரியில் முதல் வருடம், ‘அப்பால வரேன் சார்’ என்றேன். அந்த ஆசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அதைத் திரும்பச் சொல்லிக் காட்டினார். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அப்பால் என்பது சுத்தமான பழந்தமிழ்ச் சொல் என்று தெரிந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் அம்மா இன்றும் தினம் சொல்லும் சொல் அது. மாஸ்டரின் சட்டிக்குப் பெயர் தெரிந்த அன்று நான் முதலில் நினைத்தது அம்மாவைத்தான்.

மாஸ்டரின் சொந்த ஊர் சுவான்ஜோ. சலானில் ஊரையும் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் தேடிப் பார்த்தால், அந்த ஊரில் 1281ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, கடைசியில் சீன வரியோடு. சிவன் கோயிலுக்கு நம் வணிகர்கள் வைத்தது. அந்த ஊர்க் கையுவான் கோயிலின் தூண்களில் நம் தெய்வங்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. சோங் அரசின் வரலாற்றில் சோழ நாட்டுக்கு எழுதிய பெயரை இன்று மாண்டரினில் படித்தால் ‘ஜூ நியன்’. சோழம் என்று யாருக்குத் தோன்றும்? அதே எழுத்துகளைக் கான்டனீஸில் படித்தால் ‘ஜு லின்’. அந்த ல் வந்து உட்கார்ந்ததும் சோழன் எட்டிப் பார்க்கிறான். 1015ல் வந்த சோழத் தூதரைப் பற்றிய குறிப்பில் அரசன் பெயர் ‘லுவோ சா லுவோ ஜா’. ராஜராஜன். அதில் முதல் ஜ-வுக்கு எழுதியிருக்கும் எழுத்து, மாஸ்டர் என் சலானில் எழுதிய அதே தேநீர் எழுத்து. மேலே புல், நடுவே ஆள், கீழே மரம். எழுதிய கணக்கர் அதைச் ‘சா’ என்று படிப்பவராகத்தான் இருந்திருக்க வேண்டும். ‘தே’ என்று படித்திருந்தால் ராஜராஜன் அங்கே வந்திருக்க மாட்டான். அந்தச் சலானை இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் சித்தப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவர். போன புதிதில் காப்பிக்கடையில் எல்லாக் கிழவர்களும் மாஸ்டர் பேசுகிற அதே ஹொக்கியன்தான் பேசினார்களாம். சித்தப்பாவும் நன்றாகப் பேசுவார். 1979ல் அங்கே மாண்டரின் பேசுங்கள் என்று அரசு இயக்கம் தொடங்கியது. கொஞ்ச வருடத்தில் டிவி, ரேடியோவில் ஊர்ப்பேச்சு நிகழ்ச்சிகள் நின்றுபோயின. ‘பேத்தி மாண்டரின், அம்மாச்சி ஹொக்கியன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க’ என்று சித்தப்பா சொல்வார்.

போன மாதம் ஒரு கப்பலுக்குப் போனேன். சமையலறையில் உதவிக்கு ஒரு பையன், இருபத்துமூன்று வயது இருக்கும், சுவான்ஜோ பக்கம் என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். மாஸ்டர் கற்றுக்கொடுத்ததை எடுத்துவிட்டேன்: ‘சியா பா பே?’ சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அவர்கள் ஊரில் பார்த்தவுடன் கேட்பது அதுதான், நம்மைப் போலவே. பையன் முகம் மலர்ந்தது. ஆனால் பதில் மாண்டரினில் வந்தது. மறுபடி கேட்டேன். ‘புரியும், பேச வராது, பாட்டி பேசுவாங்க’ என்றான்.

அப்புறம் போனை எடுத்து, பாட்டி அனுப்பிய குரல் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினான். நல்ல கணீர்க் குரல், எங்கள் ஆயா மாதிரியே. ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு விடாமல் பேசினார். பையன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். எனக்குப் புரிந்தது ஒரே சொல், ‘சியா’. மூன்று தடவை வந்தது.